ஒரு கையில் தூக்குகிற வண்டி

சோப்பு அக்கா பட்டறை எங்கே என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட இடம். உள்ளே கால் வைத்ததும் சோப்பு வாசம் வரும். கிரீஸ் நாற வேண்டிய இடத்தில் இதென்ன குளித்த வாசம் என்று புதிதாக வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். மொத்த வியாபாரம் என்று நினைத்து ரெண்டு கட்டி சோப்பு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அக்கா சோப்பு விற்கவில்லை. அலுமினியக் குழாயை வளைத்து ஏணி, ஊன்றுகோல், மேடைச் சட்டம், கடை வாசலுக்கு நிழற்கூரை என்று எது கேட்டாலும் செய்து கொடுக்கிறாள்.

அப்புறம் சோப்பு எதற்கு? சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இரும்பைச் சூடாக்கினால் சிவந்து, நான் தயார் என்று அதுவே சொல்லும். அலுமினியம் கல்லுளிமங்கன். எவ்வளவு சுட்டாலும் முகம் மாறாது. கொஞ்சம் அசந்தால் பொத்தென்று உருகிக் காலடியில் விழுந்துவிடும். அதனால் வளைக்கிற இடத்தில் சோப்பைத் தேய்த்துவிட்டுத் தீ காட்டுவாள். சோப்பு பழுப்பாகி, கறுத்ததும் தீயை எடுத்துவிடுவாள். ஆறியபின் குழாய் சொன்ன பேச்சு கேட்கும். இது அவள் கண்டுபிடித்ததில்லை, தொழிலில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூக்குக்குப் பிடித்த வாசனை சோப்பாகப் பார்த்து வாங்கித் தேய்ப்பவள் இவள் ஒருத்திதான். பேர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன்னால் மடக்கு நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் கால் வளைக்கிற பிரிவில் இருந்தாள். அங்கே மெஷின் பழுது பார்க்க ஒரு வெல்டர் வருவார். காலையில் வந்தால் மதியத்துக்குள் முடிகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பாகம் வரவில்லை என்று கதை சொல்லிவிட்டு, மறுபடி வருவார். இந்த மனுஷனுக்குத் தொழிலே தெரியாது போல என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தன்னைப் பார்க்கத்தான் இந்த நடை என்று தெரிந்தபோது சிரிப்பு அடக்க முடியவில்லை, அவரையே கட்டிக்கொண்டாள். இப்போது பட்டறையில் அவள் வளைப்பாள், அவர் ஒட்டுவார். ரெண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் டயர் கடைக்காரர் என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்ப்பார்.

சண்டை பெரும்பாலும் இரும்பா அலுமினியமா என்பதுதான். வெல்டருக்கு அலுமினியம் என்றால் இளப்பம். டப்பா என்பார். அக்கா விடமாட்டாள். கனமாகச் செய்ய யாராலும் முடியும், வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை நிற்க வைப்பதுதான் வேலை என்பாள். கனமான ஒரு பொருளைப் பார்த்தால் அவளுக்குச் செய்தவன்மேல் கோபமே வரும்.

அலுமினியத்திலும் எல்லாம் ஒன்று கிடையாது. அவள் பட்டறைக்கு முக்கியமாக ரெண்டு ரகம் வரும். ஒன்று ஆலையிலேயே சுட்டுப் பதப்படுத்தி வருகிற கலவை. நல்ல பலம், எவ்வளவு பாரம் வைத்தாலும் முதுகு வளையாது. ஆனால் ரொம்ப இறுக்கி வளைத்தால் வெளிப்பக்கம் கீறிக்கொள்ளும். அதையும் சோப்புப் போட்டுச் சுட்டு வளைக்கலாம்தான், ஆனால் சுட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடும், ஆறினாலும் திரும்பி வராது. இன்னொன்று மெக்னீசியம் கலந்தது. சுட்டாலும் சுடாவிட்டாலும் பணிவாக வளையும், வளைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுகியும் கொள்ளும். ஆனால் நீளமாக நிறுத்திப் பாரம் ஏற்றினால் தொய்யும். முதலாவதுக்கு முறைப்பு என்றும் ரெண்டாவதுக்குச் சமத்து என்றும் அக்கா பேர் வைத்திருந்தாள். முறைப்புக்கு ஏன் அந்தப் பேர், அதற்கு உன் பேரையே வைத்திருக்கலாமே என்று வெல்டர் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார்.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பிபோல ஒரே மாதிரி இருக்கும். அதே வெள்ளை, அதே பருமன், கையில் எடுத்தால் அதே எடை. ஆலையிலிருந்து வரும்போது குழாயின் ஒரு நுனியில் மட்டும் சாயம் பூசி வரும். முறைப்புக்குச் சிவப்பு, சமத்துக்கு நீலம். சாயம் உள்ள நுனி தலை, மற்றது வால். எப்போது வெட்டினாலும் வாலிலிருந்து வெட்ட வேண்டும், தலை கடைசிவரை இருக்க வேண்டும். தலை போய்விட்டால் அது எந்த ரகம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பட்டறையில் வேலைக்கு வந்தவர்களை எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காக அக்கா வறுத்தெடுத்திருக்கிறாள். ஒருவர் தெரியாமல் தலைப்பக்கம் ரம்பத்தை வைத்ததற்கு, அவர் போய்ச் சேர்ந்த அடுத்த பட்டறைக்கே போன் போட்டு எச்சரித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒரே தங்கை. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, ரெண்டாவது மாடியில் குடியிருந்தாள். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். தங்கைக்கு இரட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும் லாரிக்காரர் ஆனந்தத்தில் கடைக்குப் போய் இரட்டை இருக்கை தள்ளுவண்டி ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். இரும்புச் சட்டம். பார்க்கத் தேர் மாதிரி இருந்தது, தேர் மாதிரியே கனத்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் குடியிருந்த யாரும் வெளியே போக முடியவில்லை. கடைசியில் வெல்டர் போய்ச் சக்கரங்களைக் கழற்றி மீட்டுக்கொண்டு வந்தார்.

கீழே விட்டுவைக்கலாம் என்றால் வாசல் ஆள் போகிற அகலம்தான். தினம் யாராவது வந்து தூக்கிக் கொடுக்கிறோம் என்று அக்கா சொன்னாள், டயர் கடைக்காரரும் சொன்னார். தங்கை கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், விழுந்தால் எழுப்ப வருகிறவர்கள்மேல் கோபப்படுகிற ரகம். நிறைமாத வயிற்றோடு பட்டறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, கணக்குப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஒண்ணை முன்னாடி கட்டிப்பேன், ஒண்ணை முதுகுல கட்டிப்பேன். ஒரு கை படியோட கைப்பிடிக்கு. மிச்சம் இருக்கிறது ஒரு கைதான்க்கா. அந்த ஒரு கையில நான் தூக்குற மாதிரி ஒரு வண்டி செஞ்சு குடு. யாரையும் கூப்பிடாம நான் தெருவுக்கு வரணும்."

அக்கா அன்றைக்கே சுவரில் கரித்துண்டால் படம் போட ஆரம்பித்தாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கை வைத்தால் வாசலில் இடிக்கும், அதனால் ஒன்றின் பின்னால் ஒன்று. அடியில் பாரம் தாங்குகிற நீளக் குழாய் ரெண்டும் முறைப்பு. கைப்பிடி, நிழல் கூரையின் வளையங்கள், குழந்தை கால் வைக்கிற இடம், இவை எல்லாம் இறுக்கமான வளைவு, அதனால் சமத்து. மூட்டுகளை ஒட்டக் கூடாது, ஒட்டுகிற சூட்டில் முறைப்பு தன் பலத்தை விட்டுவிடும், அதனால் ரிவெட் ஆணி. அப்போது எனக்கு இதில் வேலையே கிடையாதா என்று வெல்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பாவமாக இருந்ததால் சக்கரத்தின் அச்சை மட்டும் இரும்பில் செய்யச் சொன்னாள். பாவத்துக்காக மட்டும் இல்லை, அச்சுக்கு இரும்புதான் சரி என்று அவளுக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வண்டியே அச்சின்மேல்தான் நிற்கிறது என்றார்.

குழாய்களை அளவுக்கு வெட்ட எடுத்த நாளில்தான் போன் வந்தது. லாரிக்காரர் பேசினார், பேசினார் என்பதைவிட அழுதார். ரெண்டும் பொண்ணு, மூணு பேரும் சௌக்கியம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையில் போனை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே, இன்னொரு கையால் ரம்பத்தை ஓட்டி எல்லாக் குழாய்களையும் வெட்டி முடித்தாள். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வெட்டியதை இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல் என்று போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முதல் பெண்ணின் கன்னத்தில் அலுமினியக் கறை ஒட்டியது. நர்ஸ் அதற்காகத் திட்டினார், அக்கா கேட்டுக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் கொஞ்ச காலம் பட்டறை வேலை பாதியும் தங்கை வீட்டு வேலை பாதியுமாகப் போயிற்று. குழந்தைகள் நன்றாக வளர்ந்தன, ஒன்று அழுதால் மற்றது அதைவிட அழும். தங்கை மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அக்கா தினமும் காலையில் கடைக்குப் போகும்போது கீழே நின்று, ஏதாச்சும் வாங்கணுமா என்று மேலே பார்த்துக் கேட்பாள். தங்கை ஜன்னலில் நின்று சொல்வாள். முதலில் நாலைந்து சாமான் சொன்னவள், போகப் போக ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அக்காவுக்கு அது உறுத்தியது. சீக்கிரம் வண்டியை முடிக்க வேண்டும் என்று இறங்கினாள்.

வேலை மளமளவென்று நடந்தது. அடிச் சட்டத்தை ரிவெட் அடித்து நிறுத்தினாள், கூரை வளையங்களை வளைத்துப் பொருத்தினாள். கைப்பிடி மட்டும் பாக்கி. வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, ரெண்டு பக்கமும் அடைத்து, சோப்பு எதற்கு, இதுதான் சமத்தாச்சே என்று அப்படியே வளைக்கிற சக்கரத்தில் மாட்டி இழுத்தாள். பாதி வளைவில் டிக் என்று ஒரு சத்தம். அச்சை மெருகேற்றிக்கொண்டிருந்த வெல்டரும் திரும்பிப் பார்த்தார். வளைவின் முதுகில் முடி மாதிரி ஒரு கீறல், அதன் வழியாக மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியது.

சமத்து கீறாது. அப்படியானால் இது முறைப்பு. யார் மாற்றி வைத்தது என்று கேட்கத் திரும்பியவள், சாயத்தைப் பார்க்கக் குழாயின் நுனியைத் தேடினாள். ரெண்டு பக்கமும் வெள்ளை. அடுத்ததை எடுத்தாள், அதிலும் தலை இல்லை. ஒன்றில்கூட இல்லை. போனில் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே தலைப்பக்கமாக வெட்டித் தள்ளியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தலைகள் எல்லாம் பழைய சாமான்காரர் மூட்டையில் என்றைக்கோ போயாயிற்று. குவியல்களைக் கூட்டிப் பெருக்கும்போது நகர்த்தி வைத்தது வெல்டர்தான், ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன்? தலை இருந்திருந்தால் எங்கே நகர்த்தினாலும் தெரிந்திருக்கும்.

முகத்தில் அசடு வழிய நின்றாள். வெல்டர் சாவகாசமாகத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வழக்கமா திட்டு வாங்குற ஆளுங்க யாரும் இன்னைக்கு வரல. நான் வேணா நிக்கட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடி போனால் போகிறது, வேறு செய்துகொள்ளலாம். கைப்பிடிக்கு வந்தது முறைப்பு என்றால், அடியில் பாரம் தாங்க வைத்த நீளக் குழாய்கள் என்ன? எல்லாவற்றையும் சோப்புப் போட்டுச் சுட்டுவிடேன், ஒரே மாதிரி ஆகிவிடுமே என்றார் வெல்டர். ஒரே மாதிரி ஆகும், ஒரே மாதிரி தொய்யும் என்றாள் அக்கா. அதன்மேல் உட்காரப் போவது யார் என்று நினைத்ததும் துளைப்பானை எடுத்தாள்.

ரெண்டு பேரும் உட்கார்ந்து அத்தனை ரிவெட்டையும் துளைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு குழாயின் ஓரத்திலிருந்தும் மோதிரம்போல ஒரு வளையம் அறுத்து, இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்து நசுக்கினாள். சமத்து என்றால் மடங்கி அப்பளமாகப் படுத்துவிடும். முறைப்பு என்றால் மடிப்பில் பிளந்துகொள்ளும். நீளக் குழாய்களில் முதலாவது பட்டென்று பிளந்தது, அக்கா மூச்சு விட்டாள். ரெண்டாவது மெதுவாக, சத்தமே இல்லாமல் மடிந்து படுத்தது. அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, தங்கை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கும்போது அந்தப் பக்கம் தொய்ந்திருக்கும். வெல்டர் கேலி செய்யவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிளந்த வளையத்தையும் படுத்த வளையத்தையும் எடுத்து அலமாரியில் தனித்தனியாக வைத்தார்.

மறுநாள் வண்டி வரும் என்று தங்கையிடம் சொல்லியிருந்தது. அக்காதான் போன் செய்தாள். நான்தான் தலையை வெட்டிவிட்டேன், எல்லாவற்றையும் பிரித்தாயிற்று, இன்னும் நாளாகும் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளைகளுக்கு வெளியே போகிற சட்டையைத் துவைத்து எடுத்து வைத்திருப்பாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

"உன் மேல கோபம் இல்லக்கா," என்றாள் தங்கை. "நீ கீழ நின்னு கடைக்குப் போறேன், ஏதாச்சும் வாங்கணுமான்னு கேக்குற பாரு, அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கல. தினம் அதைக் கேட்டா அழுகையா வருது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பாசமாகக் கேட்டது அங்கே போய் இப்படியா விழுந்தது என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போகும்போது தங்கை வீட்டுக்குக் கீழே நிற்காமல், மேலே பார்க்காமல், எதிர்ப்பக்கமாகவே நடந்து போனாள். வந்ததும் வேறு வேலை எதையும் தொடவில்லை. நிழற்கூரை கேட்டு வந்தவரிடம், மழை வந்தால் குடை பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றாள்.

புதுக் குழாய்களைப் பார்த்துப் பார்த்து வாலிலிருந்து வெட்டினாள். போனை அணைத்து வெல்டரிடம் கொடுத்துவிட்டாள். வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் உடனே சாயம் பூசுகிற வேலை வெல்டருக்கு. இனி எந்தச் சரக்கு வந்தாலும் ரெண்டு நுனியிலும் பூசிவிடுவதுதான் பட்டறை வழக்கம் என்று அவர் அறிவித்தார். இரட்டைப் பிள்ளை பிறந்த குடும்பம், இனி எதற்கும் ரெண்டு தலை என்றார். மீசையில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்ததால் அறிவிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைப்பிடிக் குழாயில் மணல் நிரப்பி, இந்தத் தடவை சாயத்தை ரெண்டு முறை பார்த்து, வளையத்தையும் அறுத்து நசுக்கிப் பார்த்து, அப்புறம்தான் வளைத்தாள். அவ்வளவு இறுக்கமான வளைவு, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கீறல் இல்லை. பட்டுபோல வந்தது. அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வண்டி முடிந்ததும் சோதனை. வளைக்கிற மணலையே ரெண்டு மூட்டையாகக் கட்டி இருக்கைகளில் வைத்துத் தெருவில் ஓட்டினார்கள். அக்காவுக்குத் திருப்தி வரவில்லை, வெல்டரையே ஏறி உட்காரச் சொன்னாள். அவர் உடம்புக்கு அந்த இருக்கை ஒரு மூலைக்குப் போதாது. எப்படியோ பிதுங்கி உட்கார்ந்தார். டயர் கடைக்காரர் தள்ள, அச்சகத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து கைதட்ட, மீசையில் சாயத்தோடு தெருக்கோடிவரை ஊர்வலம் போய் வந்தார். என் அச்சு எப்படி நிற்கிறது பார்த்தீர்களா என்று வழியெல்லாம் கேட்டார். அக்கா அச்சைப் பார்க்கவில்லை. தரையோடு தரையாகக் குனிந்து நீளக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே கூட வந்தாள். இம்மியும் தொய்யவில்லை.

அன்று மாலையே வண்டியை மடக்கி, பையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ரெண்டாவது மாடிக்கு ஏறினாள். படி திரும்புகிற இடத்தில் சுவரில் உரசக்கூட இல்லை. தங்கை அதை ஒரு கையால் வாங்கிப் பார்த்தாள். இன்னொரு கைக்கு மாற்றினாள். மறுபடி இந்தக் கைக்கு. கண் கலங்கியது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளைக்குக் காலையில் யாரும் வரக் கூடாது, கீழேயும் நிற்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள்.

அக்கா வாக்குத் தவறவில்லை. கீழே நிற்கவில்லை. டயர் கடையில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் நின்றாள். வெல்டர் அவளுக்குப் பின்னால் நின்றார். டயர் கடைக்காரர், இது என்ன என் கடையில், என்று ஆரம்பித்து, அவளுடைய முறைப்பைப் பார்த்துவிட்டு அவரும் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது மாட்டிக்கொண்டதோ, ஓடிப் போய்ப் பார்க்கலாமா என்று அக்கா காலை எடுத்து வைத்தாள். வெல்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது வாசலில் முதலில் ஒரு சக்கரம் தெரிந்தது. அப்புறம் மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு தங்கை. தெருவில் கால் வைத்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்று, வெயிலுக்கு முகத்தைக் காட்டினாள். காலால் தட்டி வண்டியை விரித்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்து உட்கார வைத்து வார்ப் பட்டையைப் போட்டாள். பெரியதா சின்னதா தெரியவில்லை, ஒன்று கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டிச் சிரித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று கேட்ட டயர் கடைக்காரருக்கு ரெண்டும்தான் என்று வெல்டர் பதில் சொன்னார்.

வண்டி இந்தப் பக்கமாகத் திரும்பியதும் மூவரும் விழுந்தடித்து ஓடினார்கள். தங்கை பட்டறைக்கு எதிரே வந்தபோது அக்கா வைஸுக்குப் பக்கத்தில் நின்று, அதில் ஒன்றும் இல்லாமலே அரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வருவாள், உட்காருவாள், பிள்ளைகளை மடியில் தருவாள் என்று ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். தங்கை உள்ளே வரவில்லை. வண்டியை முழுதாக நிறுத்தக்கூட இல்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, கடைக்குப் போறேன். ஏதாச்சும் வாங்கணுமா?"

அக்கா அரத்தைக் கீழே வைத்தாள். என்ன வேண்டும் என்று யோசிக்க ஒன்றும் வரவில்லை, உலகத்தில் எதுவுமே தேவைப்படாத மாதிரி இருந்தது.

"ஒரு சோப்பு வாங்கிட்டு வா," என்றாள் அக்கா.

தங்கை தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அலமாரி நிறையப் பிரிக்காத சோப்பு இருந்ததை வெல்டர் பார்த்தார், அதன் கதவைச் சாத்தினார்.